பிரசவ அறைச் செவிலியரைப் பந்தாடாதீர்கள்

மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி, மருத்துவ ஊரக நலப் பணிகள், பொது சுகாதாரம் ஆகிய இயக்ககங்களின் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். பணியில் இருக்கும் சகோதரிகள் வெளிப்படையாக எழுதினால் நடத்தை விதிகள் குறுக்கே நிற்கும். எனக்கு அந்தத் தடை இல்லை என்பதால் எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பிரசவ அறையில் பழகி, கை தேர்ந்த செவிலியரை மாதாந்திர வார்டு மாற்றப் பட்டியலில் சேர்க்காதீர்கள். இன்று கண் வார்டு, அடுத்த மாதம் எலும்பு முறிவு வார்டு, ஆள் குறைந்தால் வேறு மருத்துவமனைக்கு மாற்றுப்பணி என்று அவரைப் பந்தாடுவதை நிறுத்துங்கள்.

பட்டியல் தயாரிக்கும் கண்காணிப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிற ஆட்களை வைத்து எல்லா வார்டையும் நிரப்ப வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. ஆனால் அந்தத் தாளில் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதும்போது என்ன கைமாறுகிறது என்பதைக் கோட்டையிலும், சுகாதார இயக்ககங்கள் உள்ள டி.எம்.எஸ். வளாகத்திலும் இருப்பவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பிரசவ அறைக்குள் மேலதிகாரிகள் ஆய்வுக்கு வருவது பெரும்பாலும் பகல் பதினொரு மணிக்கு. மேசைகள் துடைக்கப்பட்டு, பதிவேடுகள் அடுக்கப்பட்டிருக்கும் நேரம் அது. அந்த அறையின் வேலை எப்படிப்பட்டது என்பதை இரவு இரண்டு மணிக்கு அங்கே நின்றவள் சொல்வதுதான் முறை.

வலியோடு ஒரு பெண் உள்ளே வரும்போதே எங்கள் வேலை தொடங்கிவிடுகிறது. அவர் நடந்து வரும் விதத்தைப் பார்ப்போம். பேச்சை நடுவில் நிறுத்தி மூச்சை இழுத்துப் பிடிக்கிறாரா, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை, முகமும் கையும் வீங்கியிருக்கிறதா, பனிக்குடம் உடைந்துவிட்டதா, உடைந்திருந்தால் நீர் தெளிவாக இருக்கிறதா அல்லது பச்சை கலந்திருக்கிறதா என்று கண் தேடும். கையில் இருக்கும், கர்ப்பிணிகளுக்கான அரசு இணையப் பதிவின் பிக்மி எண்ணையும் பரிசோதனை அட்டையையும் புரட்டுவதற்குள் இந்தக் கேள்விகளில் பாதிக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பிறகு வயிற்றில் கை வைத்துக் குழந்தையின் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம், தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தடவிப் பார்ப்போம். முதுகு இருக்கும் பக்கம் தெரிந்தால்தான் டாப்ளரை எங்கே வைத்தால் இதயத்துடிப்பு கேட்கும் என்று தெரியும். அந்தத் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். எண்ணைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். வலி வந்து போன பிறகு துடிப்பு எந்த வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது, எந்தத் தாமதத்துக்குக் கவலைப்பட வேண்டும், எந்தத் தாமதத்துக்கு மருத்துவரை ஓடிப்போய் எழுப்ப வேண்டும் என்பது காதுக்குப் பழக வேண்டிய விஷயம். ஆயிரக்கணக்கான முறை கேட்ட காதுக்குத்தான் அது பழகும்.

கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்பதை இரண்டு விரல்களால், கண்ணால் பார்க்காமல் அறிய வேண்டும். நான்கு சென்டிமீட்டரை ஆறு என்று சொன்னால் அடுத்து எடுக்கும் எல்லா முடிவுகளும் தடம் மாறும். "முன்னேற்றம் இல்லை" என்று எழுதப்பட்டு, தேவையில்லாத அறுவை சிகிச்சைக்கு ஒரு பெண் தள்ளப்படலாம். ஆறை நான்கு என்று சொன்னால், அவரைக் கவனிக்காமல் விட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவோம். புதிதாக வரும் செவிலியர் பரிசோதித்த பின் மூத்தவர் ஒருவர் பரிசோதித்து, "நீ எவ்வளவு சொல்கிறாய்?" என்று கேட்டுச் சரிபார்த்துச் சரிபார்த்துத்தான் இந்தக் கை உருவாகிறது. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. கற்றுக்கொள்வதற்காக ஒரே பெண்ணைப் பலர் பரிசோதிப்பது அவருக்குத் துன்பம், தொற்றுக்கும் வழி. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் காரணமில்லாமல் உட்பரிசோதனை கூடாது என்பதுதான் நியமம். ஆகையால் கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும். அவசரமாக ஒரு மாதத்தில் கற்றுக் கொடுத்துவிட முடியாது. இப்படிக் கற்றவரைத்தான் நீங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு அனுப்புகிறீர்கள்.

பிரசவம் முன்னேறுவதை ஒரே தாளில் வரைந்து காட்டும் பார்டோகிராம் என்ற வரைபடம் எங்கள் தொழிலின் அடிப்படைக் கருவி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அதைத் திருத்தி, பிரசவப் பராமரிப்பு வழிகாட்டியாக வெளியிட்டிருக்கிறது. அரை மணிக்கு ஒரு முறையாவது குழந்தையின் துடிப்பு, தாயின் நாடி, வலியின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுத வேண்டும். முக்கும் கட்டம் வந்துவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை துடிப்பைக் கேட்க வேண்டும். ஒரு செவிலியர், ஒரே நேரத்தில் வலியில் இருக்கும் ஐந்து பெண்கள் என்று வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கணக்கு ஒத்துவராது. ஒத்துவராத கணக்கைத் தாளில் மட்டும் ஒத்துவர வைப்பதற்காகப் பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிய பார்டோகிராம்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கின்றன. ஆய்வுக்கு வருபவர்களுக்கும் அது தெரியும். முழுமையாக நிரப்பிய தாளுக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

குழந்தை வெளியே வரும் அந்தச் சில நிமிடங்களைத்தான் திரைப்படங்களில் காட்டுவார்கள். முக்கச் சொல்லிக் கத்துவது அல்ல அந்தக் கட்டத்தின் திறமை. எப்போது முக்காமல் இருக்கச் சொல்ல வேண்டும் என்று அறிவதுதான் திறமை. தலை வெளிவரும் நேரத்தில் அந்தப் பெண்ணை மெல்ல மூச்சுவிடச் சொல்லி, ஒரு கை தலையின் வேகத்தைக் கட்டுப்படுத்த, மறு கை கீழே தாங்கிப் பிடித்தால் கிழிசல் குறையும். எல்லோருக்கும் கத்தரிக்கோல் வைத்துத் தையல் போடுவது பழக்கமாகிவிட்ட அறைகளில், பொறுமையாகத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த ஒரு செவிலியர் இருந்தால் அந்த மாதத்தின் தையல் கணக்கே மாறிவிடும். தையல் இல்லாமல் வீட்டுக்குப் போன பெண் உட்கார்ந்து பால் கொடுப்பதற்கும், தையலோடு போனவர் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பதிவேடும் காட்டாது.

குழந்தை பிறந்தவுடன் இரண்டு உயிர்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். குழந்தை அழவில்லை என்றால் துடைத்து, சூடாக வைத்து, முதுகைத் தேய்த்து, அதற்கும் மூச்சு வரவில்லை என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பையால் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். அதைப் பொன்னான நிமிடம் என்றே பாடத்தில் சொல்வார்கள். அதே நிமிடத்தில் தாய்க்குக் கருப்பையை இறுகச் செய்யும் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி தசையில் போட வேண்டும். குழந்தை நன்றாக இருந்தால் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை விட வேண்டும். அந்த நேரத்தில் போகும் இரத்தம் குழந்தைக்குப் பல மாதங்களுக்கு இரும்புச்சத்தாக நிற்கும். சோகை மிகுந்த நம் நாட்டில் அந்த மூன்று நிமிடத்தின் மதிப்பு பெரியது. பிறகு நஞ்சுக்கொடியைக் கட்டுப்பாட்டோடு இழுத்து எடுத்து, ஏதாவது துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று விரித்துப் பார்த்து, வயிற்றின் மேல் கை வைத்துக் கருப்பை கிரிக்கெட் பந்து போல் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தையைத் தாயின் மார்பில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். கையில் அடையாளப் பட்டை கட்ட வேண்டும், எடை பார்க்க வேண்டும், வைட்டமின் கே ஊசி போட வேண்டும், நேரத்தைக் குறிக்க வேண்டும். வெளியே காத்திருக்கும் பாட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும். இதற்குள் அடுத்த மேசையில் இன்னொரு பெண் முக்கத் தொடங்கியிருப்பார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரம்தான் செவிலியருக்கு மிகவும் பயம் தரும் நேரம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த பிறகு கருப்பை இறுகாவிட்டால், அந்த வாசல் திறந்தே கிடக்கும். பச்சைத் துணியிலும் பஞ்சிலும் ஊறிப்போகும் இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது எல்லோரும் குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம், மருத்துவர்களும் அப்படித்தான். 2023-இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பைப் பெண்ணின் கீழே விரித்து, வடியும் இரத்தத்தை அளந்து, அளவு தாண்டியதும் கருப்பையைத் தேய்த்துவிடுவது, ஆக்சிடோசின், இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், காயப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காத்திருந்து செய்யாமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. அதில் புது மருந்து எதுவும் கிடையாது. எல்லாம் நம் அறைகளிலும் இருக்கும் மருந்துகளே. அவற்றைச் சரியான நிமிடத்தில் தொடங்கிவைக்கும் கை பெரும்பாலும் செவிலியருடையது. ஏனென்றால் அந்த நிமிடத்தில் பெண்ணின் அருகில் நிற்பது அவர்தான்.

வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்பேட் கொடுப்பதும் அப்படித்தான். கொடுக்காவிட்டால் உயிர் போகும், கூடிவிட்டால் மூச்சு நிற்கும். ஒவ்வொரு முறை ஊசியை எடுக்கும் முன்பும் முழங்காலைத் தட்டிப் பார்த்து, மூச்சை எண்ணி, சிறுநீர் எவ்வளவு வடிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முந்தைய மாதம் வரை புறநோயாளிச் சீட்டு பதிவில் உட்கார்ந்திருந்த ஒரு செவிலியரை, வார்டு மாற்றப் பட்டியலின்படி இந்த மாதம் இரவுப் பணிக்குத் தனியாக இங்கே நிறுத்துகிறீர்கள். அவர் படித்தவர், திறமையானவர். ஆனால் அவர் கைக்கு இது பழக்கமில்லை. இரவு முழுவதும் அவர் நடுங்கிக்கொண்டே நிற்பார். அவர் நடுங்குவதைப் படுத்திருக்கும் பெண் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தத் தொழிலுக்கு எப்படி வருகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டு செவிலியர் பட்டயப் படிப்பு அல்லது நான்காண்டு பி.எஸ்சி. செவிலியர் பட்டம். மகப்பேறு அதில் ஒரு பாடம். மாணவிகள் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிரசவம் பார்த்து, கேஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். செவிலியர் கல்லூரிகள் பெருகிய அளவுக்குப் பிரசவ மேசைகள் பெருகவில்லை. ஒரு மேசையைச் சுற்றி நான்கு கல்லூரி மாணவிகள் நிற்கிறார்கள். ஒருத்தி கையுறை போடுகிறாள், மற்றவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள், எல்லோருடைய புத்தகத்திலும் ஒரு பிரசவம் ஏறுகிறது. படிப்பு முடிந்து தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்யும்போது, செவிலியர் என்றும் பிரசவம் பார்க்கும் தாதி என்றும் இரண்டு தகுதிகளையும் அரசு எங்களுக்குச் சேர்த்தே வழங்குகிறது. 1926-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. தாதியருக்கான பயிற்சிப் பள்ளிக்குச் சென்னையில் அரசு 1854-இல் அனுமதி அளித்தது. பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1871-இல். அதாவது இந்த மாநிலத்தில் முறையாகக் கற்பிக்கப்பட்ட முதல் செவிலியப் பணியே பிரசவம் பார்ப்பதுதான். இத்தனை பழைய தொழிலுக்கு அரசு மருத்துவமனைப் பணி அமைப்பில் தனியாக ஒரு பதவி கிடையாது. "ஸ்டாப் நர்ஸ்" என்ற ஒரே பெயருக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

பிறகு வேலை. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம் வரும் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டு உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அதன் பிறகு தொகை உயர்ந்தது, பலர் நிரந்தரமாக்கப்பட்டார்கள், பலர் காத்திருந்தார்கள். பிரசவ அறையின் கண்ணோடு இதைப் பார்க்கச் சொல்கிறேன். தொகுப்பூதியத்தில் இருக்கும் பெண்ணுக்கு எந்த இடமும் தன் இடமில்லை. எங்கே நிரந்தரப் பணியிடம் காலியாகிறதோ அங்கே ஓட வேண்டும். பிரசவ அறையில் கை தேறும் நேரத்தில் அவருக்கு வேறு மாவட்டத்தில் நிரந்தரப் பணியிடம் கிடைக்கும். அங்கே போனதும் வேறு வார்டு கொடுப்பார்கள். அவருக்குக் கற்றுக் கொடுத்த மூத்தவர் அடுத்தவருக்கு முதலிலிருந்து தொடங்குவார். அந்த மூத்தவரும் ஓய்வு பெற்ற பிறகு யார் கற்றுக் கொடுப்பது?

ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நடந்தது நம் மாநிலத்தின் பெருமை. மூன்று செவிலியர்களை நியமித்து, எட்டு மணி நேர முறையில் இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் நிலையங்களாக அவற்றை மாற்றியதால்தான் கிராமத்துப் பெண்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதத்தைத் தாண்டியதற்கும், 2018-20 காலத்தில் இந்தியா முழுவதற்கும் தாய் இறப்பு விகிதம் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 54 ஆக இருந்ததற்கும் அந்த மூன்று செவிலியர்களும், வீடு வீடாக நடந்த கிராம சுகாதாரச் செவிலியர்களும் முக்கியக் காரணம். மேடைகளில் அந்த எண்களைச் சொல்லும்போது அவர்களையும் சொல்லுங்கள். இப்போது அந்த நிலையங்களில் பலவற்றில் பிரசவம் குறைந்துவிட்டது. சற்றே சந்தேகம் என்றாலும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். மூவரில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் மற்ற இருவரும் பன்னிரண்டு மணி நேரம் பார்க்கிறார்கள். இரவில் ஒரு செவிலியர், ஒரு பணியாளர், வாசலில் ஒரு விளக்கு. மாதத்துக்கு ஒன்றிரண்டு பிரசவம் மட்டும் பார்க்கும் கை, உதிரப்போக்கு வந்தால் தடுமாறும். அந்தப் பயத்தில் இன்னும் அதிகமாக அனுப்புவார்கள். அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வந்து சேர, அங்கே ஒரு செவிலியருக்கு ஐந்து பெண்கள் என்ற நிலை உருவாகிறது. இரண்டு இடங்களிலும் இருப்பது ஒரே நோய்தான். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரை ஆண்டுக்குச் சில வாரங்கள் பெரிய மருத்துவமனையின் பிரசவ அறையில் பணியாற்ற வைத்துக் கை மங்காமல் பார்த்துக்கொண்டால், இரு பக்கமும் சுமை குறையும். செலவும் பெரிதாக இல்லை.

இனி சொல்லக் கசப்பான ஒன்று. எங்கள் அறைகளில் பெண்கள் அவமதிக்கப்படுகிறார்கள். வலியில் கத்தும் பெண்ணைப் பார்த்து, கருவுற்ற நாளைச் சொல்லிக் காட்டும் கேவலமான பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். தொடையில் அடிப்பது நடக்கிறது. ஆண் குழந்தைக்கு ஒரு தொகை, பெண் குழந்தைக்கு ஒரு தொகை என்று கை நீட்டுவதும் நடக்கிறது. பிரசவத்தின்போது நிகழும் அவமதிப்பை ஒரு மனித உரிமைச் சிக்கலாக உலக சுகாதார நிறுவனம் 2014-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. என் சகோதரிகளுக்கு வேலைச்சுமை அதிகம் என்பது உண்மை; ஆனால் அந்தச் சுமையைச் சாக்காக வைத்து இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். வலியில் இருக்கும் பெண்ணை அடிப்பவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். இந்த வேலையை விரும்பி, தேர்ந்தெடுத்து, அதில் நின்று கற்றவர்கள் பெரும்பாலும் கத்துவதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தவருக்குப் பதற்றம் இல்லை. பட்டியலில் பெயர் வந்ததால் வந்து நிற்பவர், எப்போது மாதம் முடியும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர், பயந்துபோயிருப்பவர்தான் குரலை உயர்த்துகிறார்.

பிரசவத் துணைத் திட்டம் நம் மாநிலத்தில் 2004-இலேயே வந்தது. பெண்ணுக்கு விருப்பமான ஒரு பெண் உறவினர் உடன் இருக்கலாம். தாய், அக்கா, மாமியார், யாராக இருந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, இடுப்பைத் தேய்த்துவிட ஒருவர். எந்த அறையில் இடமும் திரையும் இருந்ததோ அங்கே இது நடந்தது. நெரிசலான அறைகளில், "வெளியே போங்கம்மா, இங்கே நிற்காதீங்க" என்ற குரலோடு முடிந்தது. தொடர்ந்து ஒருவர் உடன் இருப்பதன் பலனை 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்டார்கள். உடன் ஒருவர் இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, அறுவை சிகிச்சை குறைந்தது, பிரசவ நேரமும் குறைந்தது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2019-21-இல் தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை சிகிச்சை. அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் கிட்டத்தட்ட 64. தேவையான அறுவை சிகிச்சை உயிர் காக்கும். அதைச் செய்யும் மருத்துவர்களை மதிக்கிறேன். ஆனால் நூற்றுக்கு முப்பத்தாறு பெண்களுக்கு அது தேவையாக இருக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, நடக்க வைத்து, புரண்டு படுக்க வைத்து, பயத்தைத் தணித்து, பொறுத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இல்லாத இடத்தில், ஆபரேஷன் தியேட்டர்தான் எல்லோருக்கும் பாதுகாப்பாகத் தோன்றும்.

2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே, காணொளி பார்த்துப் பிரசவம் நடத்த முயன்று ஒரு தாய் உதிரப்போக்கில் இறந்தார். உடனே எச்சரிக்கைகள் வெளியிட்டீர்கள், அது சரிதான். மருத்துவமனையை விட்டு விலகி நிற்கும் சிலர் ஏன் விலகுகிறார்கள் என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்டிருக்கலாம். படித்த பெண்கள்கூட என்னிடம், "வலி பொறுத்துக்கொள்வேன் சிஸ்டர், திட்டு வாங்கப் பயமாக இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார்கள்.

வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் மத்திய அரசே மகப்பேறு தாதியர் சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பிரசவம் பார்த்த அனுபவமுள்ள செவிலியருக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து, சிக்கல் இல்லாத பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் நடத்தும் தனிப் பிரிவுகளை மருத்துவமனைகளுக்குள்ளேயே அமைப்பது அதன் மையம். சிக்கல் தென்பட்டால் பக்கத்து அறையில் மருத்துவர். தெலங்கானா இதற்கும் முன்பே, 2017-இல், கரீம்நகரில் தன் அரசுச் செவிலியர்களோடு தொடங்கியது. செவிலியர் கல்விக்கு இப்போதிருக்கும் 2023-ஆம் ஆண்டுச் சட்டம், தேசியச் செவிலியர் மற்றும் தாதியர் ஆணையம் என்று இரண்டையும் சமமாகவே குறிப்பிடுகிறது. மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டிய தமிழ்நாடு இதில் தயங்கி நிற்க வேண்டியதில்லை. 18 மாதம் பயிற்சி கொடுத்தவரை மறுபடியும் பொதுப் பட்டியலில் சேர்த்து வேறு வார்டுக்கு அனுப்பினால், பயிற்சிக்குச் செலவிட்ட பணம் வீண் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது நடக்காமல் இருக்க வேண்டுமானால் தனிப் பதவியும், தனிப் பதவி உயர்வும் வேண்டும். பிரசவ அறையிலேயே இருந்தால் பதவி உயர்வு கிடைக்காது என்றால் திறமையுள்ளவர் அங்கே ஏன் இருக்கப் போகிறார்?

இன்னொன்றும் உண்டு. குழந்தை இறந்து பிறக்கும் நாள்கள் வரும். அந்தத் தாயின் மேசையிலிருந்து குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய், வெளியே நிற்கும் குடும்பத்திடம் முதலில் முகம் காட்டுபவர் செவிலியர். கோபம் அவர்மேல் விழும். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு எதிராக 2008-ஆம் ஆண்டே நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. ஆனால் அடி விழுந்த பிறகுதான் சட்டம் வரும். அந்த அறைக்குப் பக்கத்தில், குடும்பத்தை உட்கார வைத்து நடந்ததைச் சொல்ல ஒரு சின்ன இடமும், சொல்வதற்கு ஒரு மருத்துவரும் செவிலியரும் சேர்ந்து பத்து நிமிடமும் இருந்தால் பெரும்பாலான சண்டைகள் தொடங்கவே தொடங்காது. குழந்தையை இழந்த பெண்ணை, பிறந்த குழந்தைகள் அழும் அதே வார்டில் படுக்க வைக்காதீர்கள். இதற்கு அரசாணை கூட வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

வரும் பொது மாறுதல் கலந்தாய்வுக்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. செவிலியரின் பணிப் பதிவேட்டில், பிரசவ அறையில் எத்தனை ஆண்டு பணிசெய்தார், என்னென்ன பயிற்சி பெற்றார் என்று எழுத ஒரு பகுதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றியவரை, அவர் விருப்பம் இல்லாமல் வேறு வார்டுக்கோ மாற்றுப்பணிக்கோ அனுப்பக் கூடாது என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கு ஆணையிடுங்கள். புதிதாக வருபவருக்கு மூத்தவர் ஒருவரோடு சேர்ந்தே பணி கொடுத்த பிறகுதான் தனி இரவுப் பணி கொடுக்க வேண்டும் என்றும் அதே ஆணையில் சேருங்கள். எத்தனை படுக்கைக்கு எத்தனை செவிலியர் என்று கணக்கிடுவதை விட்டுவிட்டு, ஒரே நேரத்தில் எத்தனை பெண்கள் வலியில் இருக்கிறார்கள் என்பதை வைத்துப் பணியிடங்களைக் கணக்கிடுங்கள். அதற்கான எண்கள் உங்கள் பிக்மி இணையத் தரவுகளிலேயே நாள்வாரியாக, மருத்துவமனைவாரியாக இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பார்க்கும்போது, பிரசவ அறையில் இப்போது பணியில் இருக்கும் செவிலியர்கள் சிலரையும் கூட அழைத்து உட்கார வையுங்கள். அவர்கள் பேசுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிரசவ அறைச் செவிலியர் ஒருவர்